பிடிஎஃப் தயாரிக்கும் கோடு (நிரல்): சர்வரிலா, பிரவுசரிலா, எங்கே தொடங்குவது?

வெப் அப்ளிகேஷன் எதுவானாலும், "இதை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வேண்டும்" என்ற கோரிக்கை என்றாவது ஒருநாள் வந்தே தீரும். ரசீதாக இருக்கலாம், சான்றிதழாக இருக்கலாம், நீளமான மாதாந்திர அறிக்கையாகவும் இருக்கலாம். இணையத்தில் தேடினால் லைப்ரரிகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழும். பத்து வரி உதாரணத்தில் எல்லாமே அழகாக வேலை செய்யும். அசல் தரவைக் கொடுத்ததும்தான் அட்டவணை பக்கத்தைத் தாண்டி ஓடும், தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாக மாறும், பக்கத்தின் கடைசி வரி பாதியாக வெட்டுப்படும்.

எந்த லைப்ரரி என்று பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அச்சகங்களில் அச்சுக்கோப்பவர் ஒருவர் இருப்பாரே, எந்த எழுத்து எந்த வரியில், எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று அடுக்குபவர்? உங்கள் ஆவணத்துக்கு அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள்?

பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட வடிவம் இது. 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற எண்ணில் திறந்த தரமானது. நோக்கம் தொடக்கத்திலிருந்தே ஒன்றுதான்: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதற்காக அது பத்தி, அட்டவணை, வரி மடிப்பு போன்றவற்றையெல்லாம் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. "இந்த ஃபான்டை எடு, இந்த அளவில் வை, இந்தப் புள்ளிக்கு நகர்ந்து இந்த வடிவங்களை வரை" என்ற கட்டளைகள்தான் உள்ளே இருக்கின்றன. கோடு, பெட்டி, படம் எல்லாம் இதே போலத்தான்.

அளவு பாயின்ட்டில். ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஏ4 தாள் ஏறத்தாழ 595 பாயின்ட் அகலம், 842 பாயின்ட் உயரம். தொடக்கப் புள்ளி பக்கத்தின் இடது கீழ் மூலையில் இருக்கிறது. மேலே போகப்போக எண் கூடும். வெப் பக்கத்துக்கு நேர் எதிர். சில லைப்ரரிகள் இதைத் திருப்பிக் கொடுத்துவிடும், சில கொடுக்காது. முதல் தடவை எழுதிய வரி பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்தால் காரணம் இதுதான்.

ஆக, ஒரு நீளமான வாக்கியத்தை எங்கே மடிப்பது, அட்டவணையின் எந்த வரிசையோடு பக்கத்தை முடிப்பது என்பதெல்லாம் ஃபைல் உருவாவதற்கு முன்பே யாராவது கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒரு பிரவுசராக இருக்கலாம், ஒரு லைப்ரரியாக இருக்கலாம், அல்லது நீங்களாகவே இருக்கலாம்.

தமிழுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு படி கூடுதல். "கொடு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இது நான்கு குறிகள்: க, ஒகரக் குறி, ட, உகரக் குறி. தாளில் வரையும்போது முதலில் ஒற்றைக் கொம்பு வரும், அடுத்து க, அதன் பிறகு கால், கடைசியில் ட-வும் உகரமும் சேர்ந்த "டு" என்ற ஒரே வடிவம். ஒரே ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரண்டு பக்கமும் போய் நிற்கிறது. வேறு இரண்டு குறிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்று எடுத்து வைத்தாலே பெரும்பாலும் போதும். தமிழில் ஃபான்டுக்குள் இருக்கும் விதிகளைப் படித்து இந்த மாற்றங்களைச் செய்ய ஒரு ஷேப்பிங் எஞ்சின் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல லைப்ரரி. குரோமுக்குள் அது இருக்கிறது. பிடிஎஃப் உருவாக்கும் பல சின்ன லைப்ரரிகளுக்குள் இல்லை. கொம்பு இடம் மாறி நிற்கும் தமிழ் பிடிஎஃப்கள் இத்தனை உலவுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எந்த வழி உங்களுக்கு

ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பயனர் தன் திரையில் இருப்பதைத் தாளாக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் பிரவுசரின் பிரிண்ட் வசதியே போதும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும், இரவில் தானாக ஆயிரக்கணக்கில் உருவாக வேண்டும், பயனர் மாற்ற முடியாத அதிகாரப்பூர்வப் பிரதி வேண்டும் என்றால் சர்வர். ஏற்கெனவே வடிவமைத்த படிவத்தில் பெயரும் தேதியும் மட்டும் நிரப்ப வேண்டும் என்றால் புதிதாக எதையும் அடுக்கவே தேவையில்லை, அந்த பிடிஎஃப்பைத் திறந்து நிரப்பினால் ஆயிற்று. லேபிள், பார்கோடு, அடையாள அட்டை போல மில்லிமீட்டர் கணக்கில் இடம் குறித்த சின்ன ஆவணம் என்றால், ஆயங்களை (பக்கத்தில் இடத்தைக் குறிக்கும் எண்களை) கொடுத்து நேரடியாக வரையும் லைப்ரரி பொருத்தம்.

புதிதாக வருபவருக்கு என் பரிந்துரை தெளிவானது. எச்டிஎம்எல் எழுதுங்கள், அதை பிடிஎஃப் ஆக்க ஒரு முழுமையான எஞ்சினிடம் கொடுங்கள். வரி மடிப்பு, தமிழ் ஷேப்பிங், அட்டவணை என எல்லாவற்றிலும் பல ஆண்டு உழைப்பு அந்த எஞ்சின்களுக்குள் போயிருக்கிறது. ஆயம் கணக்குப் போட்டு அறிக்கை எழுதினால், தலைப்பு இரண்டு வரியாக நீளும் முதல் நாளிலேயே கணக்கு முழுக்கச் சரியும்.

முதல் படி: தாளுக்கான எச்டிஎம்எல்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் பிரவுசர், சர்வர் இரண்டிலும் அதே டெம்ப்ளேட் ஓடும்.

தனியாக ஒரு டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கான பக்கத்தையே பிரிண்டுக்கும் வளைக்கலாம்தான். ஆனால் மெனு, பட்டன், ஒட்டி நிற்கும் தலைப்புப் பட்டை என ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அப்படித்தான் செய்தாக வேண்டும் என்றால் சிஎஸ்எஸ்ஸில் மீடியா பிரிண்ட் விதிக்குள் அவற்றுக்கு டிஸ்பிளே நன் கொடுங்கள். தாளின் அளவையும் ஓரங்களையும் அட்-பேஜ் விதியில் சொல்லுங்கள்: அளவு ஏ4, ஓரம் எல்லாப் பக்கமும் 18 மில்லிமீட்டர் என்பது போல. பிக்சலை மறந்துவிட்டு மில்லிமீட்டர், பாயின்ட்டிலேயே எழுதிப் பழகுங்கள். தாளில் உடல் எழுத்துக்கு 10 அல்லது 11 பாயின்ட் நன்றாக இருக்கும். தமிழுக்கு வரி இடைவெளி 1.5 மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

அடுத்தது பக்க முறிவு. பிரேக்-பிஃபோர் என்ற பண்புக்கு பேஜ் என்று கொடுத்தால் அந்தப் பகுதி புதிய பக்கத்தில் தொடங்கும். பிரேக்-இன்சைடு பண்புக்கு அவாய்ட் என்று கொடுத்தால் அந்தப் பெட்டியை நடுவில் வெட்டாமல் இருக்க எஞ்சின் முயலும். தலைப்புகளுக்கு பிரேக்-ஆஃப்டர் அவாய்ட் கொடுத்து வையுங்கள்; தலைப்பு ஒரு பக்க அடியிலும் பத்தி அடுத்த பக்கத்திலும் போய்ப் பிரியாது. இவற்றை ஃபிளெக்ஸ், கிரிட் அமைப்புகளுக்குள் வைத்தால் பழைய குரோம் பதிப்புகள் சரியாக மதிக்காது. தாளுக்கான டெம்ப்ளேட்டில் பெரிய வெளிக் கட்டமைப்பைச் சாதாரண பிளாக்காகவே விடுவது பாதுகாப்பு.

அட்டவணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ரசீதுகளில் பெரும்பாலான சிக்கல் அங்கேதான். ஒரு ரசீதில் அறுபது வரிசைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைத் தலைப்புகளை டீ-ஹெட் குறிச்சொல்லுக்குள் வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அவை தானாகத் திரும்ப வரும். அருமை. அதே உற்சாகத்தில் மொத்தத் தொகையை டீ-ஃபுட்டுக்குள் வைக்காதீர்கள். டீ-ஃபுட்டும் ஒவ்வொரு பக்க அடியிலும் திரும்ப வரும். முதல் பக்கத்திலேயே முழு மொத்தம் அச்சாகி, வாசிப்பவர் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை என்று நினைத்துக்கொள்வார். மொத்த வரியை டீ-பாடியின் கடைசி வரிசையாக வையுங்கள். அதற்கு பிரேக்-பிஃபோர் அவாய்ட் கொடுங்கள், மொத்தம் மட்டும் தனியாக மூன்றாம் பக்கத்துக்குத் தாவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் பிரேக்-இன்சைடு அவாய்ட் இருக்கட்டும். எண்கள் உள்ள நெடுவரிசையை வலது பக்கம் சீராக்கி, இலக்கங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் நிற்க ஃபான்ட்-வேரியன்ட்-நியூமரிக் பண்பில் டேபுலர்-நம்ஸ் கேளுங்கள். ஃபான்டில் அந்த வசதி இருந்தால் இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கும்.

ஃபான்டை டெம்ப்ளேட்டோடு சேர்த்தே கொண்டுபோங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஃபான்டுகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அந்த ஃபைலை உங்கள் புராஜெக்ட்டுக்குள் வைத்து அட்-ஃபான்ட்-ஃபேஸ் விதியில் இணைத்துவிடுங்கள். "என் கணினியில் சரியாக வந்ததே" என்ற பேச்சுக்கு அப்புறம் இடமே இருக்காது.

பிரவுசரிலேயே முடிப்பது

எளிய வழி விண்டோ.பிரிண்ட் என்ற ஒரே அழைப்பு. பிரிண்ட் பெட்டி திறக்கும், பயனர் அதில் பிடிஎஃப்பாகச் சேமி என்பதைத் தேர்ந்தெடுப்பார். எழுத்து எழுத்தாகவே இருக்கும், தமிழ் சரியாக வரும், சர்வர் செலவு இல்லை. பயனருக்கு ஒரு கிளிக் கூடுதல், ஃபைல் பெயரும் ஓரமும் அவர் கையில். ஃபைல் பெயராகப் பொதுவாகப் பக்கத்தின் டைட்டில்தான் வரும் என்பதால், பிரிண்டுக்கு முன் டைட்டிலை "ரசீது-1042" என்பது போல மாற்றிவிட்டு, முடிந்ததும் பழையபடி வைக்கலாம். பல உள்அலுவலகப் பயன்பாடுகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

பட்டனை அழுத்தியதும் நேராக ஃபைல் இறங்க வேண்டும் என்று கேட்டால் பலர் கை வைப்பது எச்டிஎம்எல்-டு-கேன்வாஸ், ஜேஎஸ்பிடிஎஃப் என்ற ஜோடி. முதல் லைப்ரரி பக்கத்தைப் படமாக வரைகிறது, இரண்டாவது அந்தப் படத்தை பிடிஎஃப் தாளில் ஒட்டுகிறது. பார்வைக்குச் சரிதான். ஆனால் உள்ளே எழுத்தே கிடையாது. தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடருக்கு வெற்றுத் தாள். பெரிதாக்கினால் மங்கும், ஃபைல் வீங்கும், பக்க எல்லையில் ஒரு வரி மேல்பாதி இங்கும் கீழ்பாதி அங்குமாக வெட்டுப்படும். வரைபடம் ஒன்றை மட்டும் தாளாக்க இது போதும். ரசீதுக்கும் சான்றிதழுக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜேஎஸ்பிடிஎஃப்பில் நேரடியாக எழுத்தை எழுதலாமே என்றால், ஆங்கிலத்துக்குத் தாராளமாக. பிடிஎஃப் தரத்தில் ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர் குடும்பங்கள் உட்பட 14 ஃபான்டுகள் எப்போதும் இருப்பதாகக் கொள்ளப்பட்டன. லைப்ரரிகள் முதலில் அவற்றையே எடுக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. தமிழ் ஃபான்டைச் சேர்த்தாலும், ஷேப்பிங் இல்லாவிட்டால் "கொடு" உடைந்துதான் வரும்.

படிவம் நிரப்ப பிடிஎஃப்-லிப் நல்ல தேர்வு. பிரவுசரிலும், சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடிலும் ஒரே மாதிரி ஓடும். இருக்கும் பிடிஎஃப்பை ஏற்றி, புலத்தின் பெயரைச் சொல்லி மதிப்பை வைத்து, கடைசியில் ஃபிளாட்டன் அழைத்தால் புலங்கள் சாதாரண எழுத்தாகப் பதிந்துவிடும். தமிழ் மதிப்பு என்றால் ஃபான்ட்கிட் என்ற துணை லைப்ரரியைப் பதிவு செய்து, உங்கள் ஃபான்டை உட்பொதித்து, புலத்தின் தோற்றத்தை அந்த ஃபான்டில் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் உங்கள் சொற்களையே வைத்துச் சோதித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எங்கே விழுகின்றன என்பதைக் கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது.

கையில் பைட்டுகள் வந்ததும் அவற்றை ஒரு பிளாப் (பிரவுசரின் நினைவகத்தில் இருக்கும் ஃபைல் போன்ற பொருள்) ஆக்கி, அதற்குத் தற்காலிக முகவரி உருவாக்கி, டவுன்லோடு பண்பு வைத்த ஒரு இணைப்பைக் கோடு வழியாகவே கிளிக் செய்வது வழக்கம். வேலை முடிந்ததும் அந்த முகவரியை விடுவித்துவிடுங்கள், நினைவகம் சேராது. ஒரு சின்ன எச்சரிக்கை: பிடிஎஃப்.ஜேஎஸ் என்று மொசில்லாவின் லைப்ரரி ஒன்று உண்டு. அது பிடிஎஃப்பைக் காட்டுவதற்கானது, உருவாக்குவதற்கானது அல்ல. பெயரைப் பார்த்து நிறைய பேர் அங்கே போய் நிற்கிறார்கள்.

சர்வரில்: தலையில்லாத குரோம்

குரோம் 2017இல் திரை இல்லாமல் ஓடும் ஹெட்லெஸ் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, பிரவுசரைக் கோடு வழியாக இயக்கும் பப்பட்டியர் லைப்ரரி குரோம் குழுவிடமிருந்து வந்தது. 2020இல் அதே போன்ற மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் வந்தது. இரண்டிலும் செய்முறை ஒன்றுதான்: பிரவுசரைத் தொடங்கு, புதிய பக்கம் திற, எச்டிஎம்எல்லைக் கொடு, தயாராகும்வரை காத்திரு, பேஜ்.பிடிஎஃப் என்று அழை, பக்கத்தை மூடு. பத்துப் பதினைந்து வரிக் கோடு. இதில் ஒவ்வொரு வரியிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

எச்டிஎம்எல்லைச் செட்-கன்டென்ட் வழியாகச் சரமாகக் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்கு முகவரி இருக்காது. "படங்கள்/லோகோ" என்பது போன்ற பாதைகள் எதையும் சுட்டாது. படம் காணாமல் போகும், பிழைச் செய்தியும் தெளிவாக வராது. லோகோவையும் ஃபான்டையும் பேஸ்64 என்ற எழுத்துச் சரமாக மாற்றி டெம்ப்ளேட்டுக்குள்ளேயே பதிப்பது சிறந்த வழி. நெட்வொர்க்கை நம்ப வேண்டாம், வேகமும் கிடைக்கும்.

காத்திருப்பது அடுத்தது. நெட்வொர்க்-ஐடில் என்ற நிபந்தனை, அரை விநாடி நேரம் எந்தக் கோரிக்கையும் ஓடாமல் இருந்தால் பக்கம் தயார் என்று எடுத்துக்கொள்கிறது. எளிய ரசீதுக்குப் போதும். வரைபடங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டில் வரையப்படும் அறிக்கையில், வரைந்து முடித்ததும் பக்கமே ஒரு கொடியை உயர்த்தட்டும். உங்கள் கோடு அந்தக் கொடிக்காகக் காத்திருக்கட்டும். மூன்று விநாடி தூங்கு என்று எழுதுவது சர்வரில் கூட்டம் சேரும் நாளில் கைவிடும்.

பேஜ்.பிடிஎஃப் அழைப்பில் பிரிண்ட்-பேக்கிரவுண்ட் என்ற தேர்வு இயல்பாக அணைந்திருக்கும். அட்டவணையின் நிறப்பட்டைகள் வெள்ளையாக வந்தால் இதை இயக்குங்கள். சிஎஸ்எஸ்ஸில் சொன்ன தாள் அளவே வேண்டும் என்றால் பிரிஃபர்-சிஎஸ்எஸ்-பேஜ்-சைஸ் என்பதையும் இயக்குங்கள். பக்க எண்ணுக்கு ஃபுட்டர்-டெம்ப்ளேட் இருக்கிறது: பேஜ்-நம்பர், டோட்டல்-பேஜஸ் என்ற கிளாஸ் பெயர் கொண்ட ஸ்பான்களை வைத்தால் எண்கள் தானாக நிரம்பும். இந்த டெம்ப்ளேட் உங்கள் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸைப் பார்க்காது. எழுத்தளவை அதற்குள்ளேயே இன்லைனாகச் சொல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாத அளவில் வரும். கீழ் ஓரம் போதுமான அளவு விடாவிட்டால் உடல் எழுத்துக்கு அடியில் மறைந்துவிடும். இரண்டும் நடந்தால் ஃபுட்டரே வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றும்.

பப்பட்டியரின் புதிய பதிப்புகளில் திரும்பி வருவது சாதாரண பைட் வரிசை, நோடின் பஃபர் அல்ல. நோடின் வெப் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸின் பழைய பதிப்புகளில் அதை அப்படியே அனுப்பினால் ஜேசனாக மாறி, திறக்காத ஃபைல் ஒன்று பயனரிடம் போகும். பஃபராக மாற்றி அனுப்புங்கள்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிரவுசரைப் புதிதாகத் தொடங்கினால் நேரமும் நினைவகமும் வீண். ஒரு பிரவுசரைத் தொடங்கி வைத்துக்கொண்டு, கோரிக்கைக்கு ஒரு பக்கம் திறந்து, பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஃபைனலி பகுதியில் அந்தப் பக்கத்தை மூடுங்கள். ஒரே நேரத்தில் இத்தனை பக்கங்கள்தான் என்று வரம்பு வையுங்கள். அவ்வப்போது பிரவுசரை மூடித் தொடங்குவதும் நல்லது.

அப்ளிகேஷனைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் ஓடும்போது இரண்டு இடங்களில் தட்டும். மெலிந்த லினக்ஸ் இமேஜ்களில் தமிழ் ஃபான்ட் இருக்காது, எழுத்துகள் வெறும் கட்டங்களாக வரும். எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்துப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஃபான்டை டெம்ப்ளேட்டிலேயே பதித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, டாக்கர் பகிர்வு நினைவகத்துக்கு இயல்பாக 64 எம்பி மட்டுமே தருகிறது. பெரிய பக்கங்களில் குரோம் சட்டென்று விழும். அந்த அளவைக் கூட்டுங்கள், அல்லது அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று குரோமுக்குச் சொல்லும் தேர்வைக் கொடுங்கள்.

பாதுகாப்பை ஒதுக்கிவைக்கவே கூடாது. பயனர் தன் பெயர் கட்டத்தில் ஒரு ஐஃப்ரேம் குறிச்சொல்லை எழுதி வைத்தால், உங்கள் சர்வருக்குள் இருக்கும் பிரவுசர் அதைத் திறக்கும். வெளியிலிருந்து எட்ட முடியாத உள் முகவரிகளில் இருக்கும் ரகசியங்கள் அழகான பிடிஎஃப்பாக அவர் கைக்குப் போகும். எனவே எல்லாத் தரவையும் எஸ்கேப் செய்யும் (குறிச்சொல்லாக இயங்காமல் வெறும் எழுத்தாக்கும்) டெம்ப்ளேட் எஞ்சினைப் பயன்படுத்துங்கள். தேவையில்லை என்றால் அந்தப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணையுங்கள். கோரிக்கைகளை இடைமறித்து, நீங்கள் அனுமதித்தவை தவிர எல்லாவற்றையும் தடுங்கள். பக்கத்தின் கோடு கணினியைத் தொடாமல் தடுக்கும் வேலியான குரோமின் சாண்ட்பாக்ஸை அணைக்கச் சொல்லும் ஒற்றை வரித் தீர்வுகள் நிறையக் கண்ணில் படும். வேறு வழியே இல்லாவிட்டால் தவிர அதைத் தொடாதீர்கள்.

பிரவுசர் இல்லாமல்

பைத்தானில் வேலை செய்பவருக்கு வீசிபிரிண்ட் இருக்கிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கொடுத்தால் பிடிஎஃப் தரும். பேங்கோ என்ற எழுத்து அடுக்கும் லைப்ரரி வழியாக ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துவதால் தமிழ் சரியாக வரும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. ரசீதுக்கு அது குறையே இல்லை, பாதுகாப்புக்கு நல்லதும்கூட. பக்க எண், ஓரத்தில் ஓடும் தலைப்பு எல்லாவற்றையும் சிஎஸ்எஸ்ஸிலேயே எழுதலாம். குரோம் தேவைப்படாத எளிய ஆவணங்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நேரடியாக வரைய வேண்டும் என்றால் எஃப்பிடிஎஃப்2 உண்டு; அதில் டெக்ஸ்ட் ஷேப்பிங்கை நீங்களே இயக்க வேண்டும், அதற்கு யூஹார்ஃப்பஸ் பேக்கேஜும் வேண்டும்.

பிஎச்பியில் எம்பிடிஎஃப் தமிழுக்கு உதவும், ஃபான்ட் அமைப்பில் யூஸ்-ஓடிஎல் தேர்வைக் கொடுத்தால். டாம்பிடிஎஃப் ஆங்கில ஆவணங்களுக்கு எளிது, தமிழுக்கு வேண்டாம். ஜாவாவில் ஐடெக்ஸ்ட் பலமானது. ஆனால் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. உங்கள் கோடு திறந்த மூலம் இல்லை என்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும், இந்திய மொழி ஷேப்பிங்குக்குத் தனி இணைப்பும் வேண்டும். உரிமத்தை முதலிலேயே படியுங்கள், வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் வாரத்தில் அல்ல. பழைய பாடங்களில் டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் என்ற கருவி அடிக்கடி வரும். அதன் வளர்ச்சி நின்றுவிட்டது, ஃபிளெக்ஸ்கூடச் சரியாகத் தெரியாத பழைய எஞ்சின் அது. புதிய வேலைக்கு எடுக்க வேண்டாம்.

பயனரிடம் கொண்டுசேர்ப்பது

சர்வர் அனுப்பும் பதிலின் கன்டென்ட்-டைப் தலைப்பில் அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்று கொடுங்கள். கன்டென்ட்-டிஸ்போசிஷனில் இன்லைன் என்றால் பிரவுசரிலேயே திறக்கும், அட்டாச்மென்ட் என்றால் இறங்கும். ஃபைல் பெயர் தமிழில் வேண்டும் என்றால் அதே தலைப்பில் நட்சத்திரக் குறி போட்ட ஃபைல்நேம் அளவுருவில் யூடிஎஃப்-8 என்று குறித்து, சதவீதக் குறியாக்கம் செய்து அனுப்ப வேண்டும். சாதாரண ஃபைல்நேமில் தமிழைப் போட்டால் குழம்பிப் போகும்.

பெரிய அறிக்கை என்றால் பயனரைக் காத்திருக்க வைக்காதீர்கள். கோரிக்கையை ஒரு வரிசையில் போட்டு, "தயாரானதும் தெரிவிக்கிறோம்" என்று சொல்லி, பின்னணியில் உருவாக்கிச் சேமித்து, சிறிது காலம் மட்டும் செல்லும் இணைப்பைக் கொடுங்கள். ஒருமுறை வழங்கிய ரசீதை மறுபடி கேட்டால் சேமித்த ஃபைலையே கொடுங்கள். இடையில் டெம்ப்ளேட் மாறியிருந்தால் ஒரே எண்ணில் இரண்டு விதமான ரசீதுகள் உலவும்.

சோதனை

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. பாப்ளர் என்ற தொகுப்பில் மூன்று சின்னக் கருவிகள் இருக்கின்றன. பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளை, ஃபைலில் உள்ள ஃபான்டுகளை அட்டவணையாகக் காட்டும். அதில் எம்ப் என்ற நெடுவரிசையில் யெஸ் என்று இருந்தால் ஃபான்ட் உட்பொதிந்திருக்கிறது. நோ என்றால் வேறொரு கணினியில் தோற்றம் மாறலாம். யூனி என்ற நெடுவரிசை, வரைந்த வடிவத்திலிருந்து யூனிகோடுக்குத் திரும்பும் அட்டவணை இருக்கிறதா என்று சொல்லும். பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் எழுத்தைப் பிரித்தெடுக்கும்: "கொடு" என்ற சொல் கொடு என்றே வருகிறதா, கொம்பு முன்னால் தனியாக நிற்கிறதா என்று இங்கே தெரியும். பார்க்க அழகாக இருந்து, தேடினால் எதுவும் கிடைக்காத தமிழ் பிடிஎஃப்கள் இந்தச் சோதனையில் மாட்டும். பிடிஎஃப்-டு-பிபிஎம் பக்கங்களைப் படமாக்கும். சரியான பழைய படத்தோடு ஒப்பிட்டால், டெம்ப்ளேட்டில் கை வைத்ததும் என்ன நகர்ந்தது என்று தானாகவே கண்டுபிடிக்கலாம். பைட்டுக்கு பைட் ஒப்பிட வேண்டாம். உருவான நேரம் உள்ளே பதிவதால் ஒவ்வொரு முறையும் வேறுபடும்.

சோதனைத் தரவில் மிக நீளமான பெயர், காலியான முகவரி, ஒரே வரிசை, முந்நூறு வரிசைகள், சரியாகப் பக்க அடியில் முடியும் அட்டவணை எல்லாம் இருக்கட்டும்.

ரகசியத் தகவலை மறைத்து வெளியிடும் வேலை உங்களிடம் வந்தால், எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து அனுப்பிவிடாதீர்கள். எழுத்தை வைக்கும் கட்டளை பெட்டிக்கு அடியில் அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் அதை ஒரே நொடியில் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தத் தகவல் டெம்ப்ளேட்டுக்குள் வராமலே பிடிஎஃப்பைப் புதிதாக உருவாக்குங்கள். பல ஆண்டுகள் காப்பகத்தில் இருக்க வேண்டிய ஆவணம் என்றால் பிடிஎஃப்/ஏ என்ற தனித் தரம் இருக்கிறது. வீசிபிரிண்ட்டில் அதை ஒரு தேர்வாகவே கேட்கலாம். வந்த ஃபைலை வெராபிடிஎஃப் என்ற கருவியில் ஓட்டினால், எந்த விதி தவறியது என்று வரி வரியாகச் சொல்லிவிடும்.